குரோஷே குழுவின் கூட்டுப் போர்வைக்குச் சதுரம் பின்னித் தர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி இது: "வீட்டில் இரண்டு வருடமாகக் குரோஷே போடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு குழுவில் சேரப்போகிறேன். ஆளுக்கு இருபது சதுரம் பின்னிக் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே போர்வையாக ஆக்குவார்களாம். போவதற்கு முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?"

புதுப்புது டிசைன் கற்றுக்கொண்டு போக வேண்டாம். வேகமும் பெரிய விஷயம் இல்லை. சொன்ன அளவுக்குச் சதுரம் வர வேண்டும், இருபதும் ஒரே அளவாக வர வேண்டும், அவ்வளவுதான். தனியாகப் பின்னும்போது சால்வை ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அது சால்வைதான், யாரும் கேட்கப் போவதில்லை. குழுவில் உங்கள் சதுரத்தின் நாலு பக்கமும் வேறு நாலு பேர் பின்னிய சதுரங்கள் வந்து ஒட்டும். அளவு தப்பினால் அந்த இடத்தில் போர்வை சுருங்கும், அல்லது பொம்மென்று தூக்கும். அழகாகப் பின்னியிருந்தும் சேர்க்க முடியாமல் ஒதுக்கப்படும் சதுரங்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சேர்த்து கின்னஸ் சாதனை செய்தது. அவரவர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து இணைத்த வேலை அது. உங்கள் குழுவின் போர்வை அதில் ஒரு மூலைக்குக்கூட வராமல் இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே அளவைச் சொல்லி, அதே அளவில் வாங்கினால்தான் சேரும் என்பது இரண்டுக்கும் பொது.

ஆகவே கொக்கி ஊசியை எடுப்பதற்கு முன் குழுவிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சதுரத்தின் அளவு என்ன, அது துவைத்துக் காய்ந்த பிறகான அளவா? எந்த வகை நூல், என்ன தடிமன்? கடைசிச் சுற்றில் பக்கத்துக்கு எத்தனை தையல், மூலையில் எத்தனை செயின் (சங்கிலிக் கண்ணி)? தொடக்கத்திலும் முடிவிலும் தொங்கும் வால் நூலைச் செருகி வெட்டித் தருவதா, இணைப்பதற்காக நீளமாக விடுவதா? "8 இஞ்ச் சதுரம், 4 ப்ளை நூல்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அது போதாது. 8 இஞ்ச் என்பது 20.3 செ.மீ. ஒருவர் 20 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு இன்னொருவர் 8 இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால், பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் 3 செ.மீ. வித்தியாசம் வந்து நிற்கும்.

ப்ளை விஷயமும் இப்படித்தான் ஏமாற்றும். எத்தனை இழைகளைச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. இழை மெல்லியதா தடித்ததா என்று சொல்வதில்லை. 4 ப்ளை என்று போட்ட இரண்டு கம்பெனி நூல்கள் தடிமனில் வெகுவாக மாறும். நம்பகமான வழி ஒன்று உண்டு. ஸ்கேலின் மேல் நூலை இழுக்காமல், இடைவெளியும் விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் 2 இஞ்ச் நீளத்துக்குச் சுற்றுங்கள். சுற்றுகளை எண்ணி இரண்டால் வகுங்கள். இஞ்சுக்குச் சுமார் 11 வந்தால் அது டிகே எனப்படும் நடுத்தர நூல், 9 அளவில் வந்தால் அதைவிடத் தடித்த வொர்ஸ்டெட். குழுவிலிருந்து ஒரு முழம் நூல் மாதிரி கேட்டு வாங்கி, உங்கள் நூலோடு பக்கத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது.

கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக். தவறில்லை, கூட்டுப் போர்வைக்கு அக்ரிலிக் நன்றாகவே உழைக்கும். ஆனால் சூடு பட்டால் கம்பளியும் அக்ரிலிக்கும் பருத்தியும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் கையில் இருப்பது எது என்று தெரிந்தே ஆக வேண்டும். லேபிள் தொலைந்துவிட்டதா? ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடை வீசும், தீயை எடுத்தால் தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணியாக நிற்கும்.

அடுத்தது தையல்களின் பெயர். யூடியூப்பில் பாதிப் பேர் அமெரிக்கப் பெயரும் மீதிப் பேர் பிரிட்டிஷ் பெயரும் சொல்கிறார்கள். அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் ட்ரெபிள். இதில் மாறிவிட்டால் 8 சுற்றுப் போட்ட சதுரம் பாதி அளவில் வந்து நிற்கும். பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், எங்காவது சிங்கிள் குரோஷே என்று இருந்தால் அது அமெரிக்க முறை. கீழே நான் டபுள் என்று சொல்வதெல்லாம் அமெரிக்க டபுள், அதாவது ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு எடுப்பது. சிங்கிள் என்றால் அப்படிச் சுற்றாமல் எடுப்பது.

இனி சதுரம். 20 செ.மீ. சதுரத்தை டிகே நூலில் 4 மி.மீ. ஊசியால் முழுக்க டபுளில் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். மேஜிக் ரிங்கில் (வாலை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 3 டபுள், 2 செயின் என்று நான்கு முறை போட்டால் முதல் சுற்று. அதன் பிறகு ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு டபுள், ஒவ்வொரு மூலையிலும் 2 டபுள், 2 செயின், 2 டபுள். பக்கத்துக்குத் தையல் 3, 7, 11, 15 என்று நாலு நாலாகக் கூடும். எட்டாவது சுற்றில் 31 இருக்க வேண்டும். 10 செ.மீ.க்கு 16 தையல், 8 வரிசை என்ற கணக்கில் கை ஓடினால் ஒவ்வொரு சுற்றும் சதுரத்தின் பக்கத்தை 2.5 செ.மீ. கூட்டும். எட்டுச் சுற்றில் 20 செ.மீ. சரியாக வந்துவிடும்.

இந்தக் கணக்கின் நல்ல பலன், தனியாக மாதிரித் துண்டு பின்ன வேண்டியதில்லை என்பது. நாலு சுற்று முடிந்ததும் தட்டையாகப் போட்டு, கையால் இழுக்காமல் அளந்து பாருங்கள். 10 செ.மீ. இருந்தால் தொடரலாம். 9 செ.மீ.தான் இருக்கிறது என்றால் முடிவில் 18தான் வரும். பத்துச் சதுர வரிசை முழுக்க உங்கள் சதுரமே இருந்தால் போர்வை 20 செ.மீ. குறைந்துவிடும். அங்கேயே பிரித்துவிட்டு 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். பெரிதாக வந்தால் 3.5. ஊசி எண் என்பது குழு சொல்லும் யோசனை மட்டுமே. அளவுதான் உத்தரவு. 4 மி.மீ. என்று சொன்னார்களே என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டு சின்னச் சதுரம் கொண்டுபோவதில் அர்த்தம் இல்லை. இறுக்கிப் பின்னும் கையைத் தளர்த்திப் பழக முயல்வதும் வேண்டாம். முயன்று தளர்த்திய கை அரை மணி நேரத்தில் பழையபடி இறுகிவிடும், ஒரே சதுரத்தில் இரண்டு வித வாகு தெரியும். ஊசியை மாற்றுவதுதான் வழி.

அகலம் சரியாக இருந்தும் தட்டையாக உட்காராத சதுரங்கள் உண்டு. நடு தூக்கிக் கிண்ணம் போல வந்தால், தையல் உயரத்துக்கு ஏற்ற அகலம் இல்லை அல்லது மூலைச் செயின் இறுகிவிட்டது என்று பொருள். மூலையில் மட்டும் செயினைத் தளர்வாகப் போட்டாலே பல சமயம் சரியாகும். ஓரம் அலை அலையாக வந்தால் முதலில் தையலை எண்ணுங்கள், எங்கோ கூடியிருக்கும். ஊசியை நுழைத்து நூலை வெளியே இழுக்கும் அந்த முதல் கண்ணியை எவ்வளவு உயரமாக இழுக்கிறீர்கள் என்பதுதான் தையலின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ஊசி மாற்றியும் உயரம் மட்டும் பொருந்தவில்லை என்றால் கவனிக்க வேண்டியது அந்தக் கண்ணியை.

தையல் குறைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மூலையில் 2 செயினுக்குப் பிறகு போடும் 2 டபுள், அடுத்து வரும் தையலின் தலையை மூடிக்கொண்டு சாயும். அந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் மூலைத் தையல்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் அதன் தலை வெளியே வரும். அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசியை நுழைத்தால் பக்கத்துக்கு ஒன்று குறையும். எல்லா மூலையிலும் எல்லாச் சுற்றிலும் அதையே செய்தால் எட்டாவது சுற்றில் 31க்குப் பதில் 24தான் இருக்கும். சுற்றின் தொடக்கத்தில் டபுளுக்குப் பதிலாகப் போடும் 3 செயினின் உச்சியையும் இப்படியே தவறவிடுவார்கள். மூன்றாவது செயினில் ஒரு மார்க்கரோ வேறு நிறத் துண்டு நூலோ மாட்டிவையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நாலு பக்கத்தையும் எண்ணிவிடுவது இரண்டு நிமிட வேலை. எட்டாவது சுற்றில் கண்டுபிடித்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும்.

திருப்பாமல் ஒரே பக்கமாகப் பின்னிக்கொண்டே போனால் சதுரம் மெல்ல ஒரு பக்கமாக முறுகும், கோணல் தெரியும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திருப்பிப் பின்னினால் நேராக நிற்கும். ஆனால் முகப்புப் பக்கத் தோற்றம் மாறும் என்பதால், திருப்புவதா வேண்டாமா என்பதையும் குழு முடிவு செய்திருக்க வேண்டும். ஒருவர் திருப்பி, ஒருவர் திருப்பாமல் பின்னிய சதுரங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

நூல் எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஊகம் வேண்டாம். முதல் ஐந்து சதுரத்தைச் சமையலறைத் தராசில் மொத்தமாக எடை போட்டு ஐந்தால் வகுங்கள். ஒன்று 14 கிராம் வந்தால் இருபதுக்கு 280 கிராம், வாலும் கழிவும் சேர்த்து 310 கிராம் போல வாங்கலாம். ஒரே நிறம் என்றால் எல்லா உருண்டையிலும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையின் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு லாட், வெயிலில் பிரிந்து தெரியும். வேறு வழியில்லை என்றால் ஒரு லாட்டைச் சில சதுரங்களுக்கும் அடுத்ததை மற்றவற்றுக்கும் முழுதாக வையுங்கள், சதுரத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

சாயம் இறங்குவது கூட்டு வேலையில் பெரிய ஆபத்து. உங்கள் மெரூன் நூல் இன்னொருவரின் வெள்ளைச் சதுரத்தைக் கெடுத்துவிடும். சிவப்பு, மெரூன், கருநீலப் பருத்தி நூல்கள் எதுவானாலும் முன்கூட்டிச் சோதியுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, நூல் துண்டை வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிழிந்து, துணியைப் பாருங்கள். கறை இருந்தால் அந்த நூலைக் கூட்டுப் போர்வைக்குக் கொடுக்காதீர்கள். உப்பும் வினிகரும் போட்டால் பருத்தியில் சாயம் நின்றுவிடும் என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். ஏற்கெனவே சாயம் ஏற்றிய பருத்தியில் அவை சாயத்தைப் பிணைப்பதில்லை.

வால் நூல் எங்கேயும் 15 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால், நாலு துவையலில் முடிச்சு முன்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும், பிறகு அவிழும். மழுங்கிய முனை ஊசியில் கோர்த்து, தையல்களின் அடிப்பகுதி வழியாக ஒரு பக்கம் 4 செ.மீ., ஒரு இழையைத் தாண்டித் திரும்பி எதிர்ப்பக்கம், மறுபடி ஒருமுறை திரும்பி என மூன்று முறை ஓட்டுங்கள். மேஜிக் ரிங்கின் வால் என்றால் நடு வட்டத்தையே இரண்டு முறை சுற்றி ஓட்டிய பிறகு திருப்புங்கள். போர்வையில் முதலில் பிரிவது அந்த நடு ஓட்டைதான். கடைசி நுனியைத் துவைத்துக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஈரத்தில் தையல் அசைந்து வால் உள்ளே இழுபடும்.

அளவுக்கு இழுத்துக் காயவைக்கும் ப்ளாக்கிங் வேலையைத் தவிர்க்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் ஃபோம் விரிப்பில் 20 செ.மீ. சதுரத்தைத் தையல் நூலால் கட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவால் வரைந்தால் மை ஈரத்தில் ஏறும். துருப்பிடிக்காத குண்டூசிகள் வேண்டும், சாதாரண குண்டூசி ஓரிரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். பருத்தியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்து, முதலில் நாலு மூலை, பிறகு நாலு பக்க நடு, பிறகு இடைவெளிகள் என்ற வரிசையில் குத்தி நிழலில் காயவிடுங்கள். அக்ரிலிக்குக்கு வெறும் ஈரம் போதாது. குத்திவைத்து, நீராவி இஸ்திரிப் பெட்டியை 2, 3 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டி, முழுக்க ஆறியதும் எடுங்கள். பெட்டி ஒரு கணம் பட்டாலும் அந்த இடம் பளபளத்துத் துவண்டுவிடும், அதை மீட்கவே முடியாது. ப்ளாக்கிங்கால் 19.5 செ.மீ. சதுரம் 20 ஆகும். 18 செ.மீ. சதுரத்தை 20க்கு இழுத்தால் முதல் துவையலிலேயே பழையபடி சுருங்கும். 18.8 போல வந்தவற்றைப் பிரிக்கத் தேவையில்லை. சுற்றிலும் ஒரு சுற்று சிங்கிள் போட்டால் பக்கத்துக்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் கூடும். கடைசிச் சுற்றின் தையல் எண்ணிக்கை அதனால் மாறும் என்பதை மட்டும் இணைப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இணைப்பது ஒரே கை, ஒரே ஊசி, ஒரே லாட் நூலாக இருப்பது நல்லது. குழுவில் எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஓரம் தைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு தையல் இழுத்தும் ஒன்று தொளதொளத்தும் நிற்கும். எல்லோரும் சேர்ந்து செய்ய ஆசை என்றால், முதலில் எல்லாக் கிடைமட்டக் கோடுகளையும் இரண்டு பேர், பிறகு எல்லாச் செங்குத்துக் கோடுகளையும் இன்னும் இரண்டு பேர் என்று பிரியுங்கள். 10-க்கு 10 போர்வையில் ஒரு திசைக்கு 9 கோடு, ஒவ்வொன்றும் 2 மீட்டர். சதுரம் சதுரமாக ஒட்டிக்கொண்டே போவதைவிட நீளக் கோடாகப் போவதுதான் நேராக வரும், வால் நூலும் குறையும்.

நூலை நேரே கண்ணி வழியாக இழுத்துவிடும் ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்தால் தட்டையாகக் கிடக்கும், ஆனால் இழுபடாது. அரை மி.மீ. பெரிய ஊசி எடுக்காவிட்டால் கோடு முழுக்கச் சுருங்கும். சிங்கிளால் இணைத்தால் வரப்பு போல மேலே எழும், கொஞ்சம் கூடுதலாக நூல் தின்னும், ஆனால் அளவில் சின்ன வித்தியாசம் உள்ள சதுரங்களை மன்னித்துக்கொள்ளும். பல பேர் பின்னிய போர்வைக்கு என் தேர்வு சிங்கிள்தான். ஒரு பக்கம் 31, மறுபக்கம் 30 என்றால் 30ல் நடுவில் ஏதாவது ஒரு தையலில் இரண்டு முறை எடுத்தால் தெரியாது. மூலைக்குப் பக்கத்தில் எடுத்தால் தெரியும். நாலு மூலை சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழாமல் இருக்க, ஒவ்வொரு சதுரத்தின் 2 மூலைச் செயினில் பக்கத்துக்கு ஒன்றை எடுங்கள், செங்குத்துக் கோடு வரும்போது முன்பு போட்ட தையலின் மேலாக ஒரு செயின் போட்டுத் தாண்டுங்கள்.

போர்வை யாருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். முதியோர் இல்லத்துக்கு என்றால் மெஷினில் துவைக்கக்கூடிய நூலே வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு என்றால் ரோமம் பறக்கும் நூல், பொத்தான், ரிப்பன் எதுவும் கூடாது, விரல் மாட்டும் பெரிய ஓட்டை உள்ள டிசைனும் கூடாது. மருத்துவமனை ஏதாவது நூல் வகையைச் சொல்லியிருந்தால் அதை மாற்ற உங்களுக்கும் குழுவுக்கும் உரிமை இல்லை.

ஒன்று மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பேட்டர்ன் பிடிஎஃப்பைக் குழுவில் அனுப்பக் கேட்காதீர்கள், யாராவது அனுப்பினாலும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அதை எழுதியவரும் நம்மைப் போல நூலோடு உட்கார்ந்து, எண்ணி, பிரித்து, மறுபடி பின்னிப் பார்த்து எழுதியவர். கூட்டு வேலைக்கு இலவசமாக வெளியிட்ட பேட்டர்ன்களும் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் பொதுவான கிரானி சதுரமுமே தாராளமாகப் போதும்.

சதுரங்களைக் கொடுக்கும்போது ஐந்து ஐந்தாக, முகப்பு மேலே இருக்கும்படி அடுக்கி நூலால் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு: உங்கள் பெயர், நூல் வகை, நிறம், லாட் எண், பயன்படுத்திய ஊசி, துவைத்தாகிவிட்டதா இல்லையா. சீட்டைக் குண்டூசியால் குத்தாமல் நூலில் கோர்த்துக் கட்டுங்கள். மிச்ச நூல் ஒரு சின்ன உருண்டையாவது சேர்த்து அனுப்புங்கள்; இணைக்கும்போது ஏதாவது தையல் அறுந்தால் அதே நூலால்தான் சரி செய்ய முடியும். மழைக்காலத்தில் கூரியரில் அனுப்புவதாக இருந்தால், நன்றாகக் காய்ந்த சதுரங்களை முதலில் பாலிதீன் உறையில் போட்டு மூடி, அதன் மேல் துணிப்பை. ஈரம் ஒட்டிய பருத்தியை உறைக்குள் அடைத்து நாலு நாள் வைத்தால் கறும்புள்ளி விழுந்துவிடும், அது துவைத்தாலும் போகாது.